பலகைக் கணினியா, மடிக்கணினியா?



காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வரும் நாள்களில், வன்னிப் பெற்றார் பலர் பாடசாலை அதிபர்களை நாடிக் கேட்கும் வினா ஒன்றுண்டு. “பிள்ளைக்கு டெப் வாங்குவதா, லப்டொப் வாங்குவதா?” என்பதே அது. நகை வாங்கினால் இடர் வந்துழி அடகு வைக்கலாம். கணினியோ கடையை விட்டு வெளியேறிய நாள் தொட்டே விலை குறையும். ஆதலின், ஒருமுறையே செலவிட வல்ல குடும்பம் ஆராய்ந்து செலவிடுதல் வேண்டும்.

முதற்கண், இவ்விரண்டின் இயல்பையும் நோக்குவோம். டெப் எனப்படும் பலகைக் கணினி, பெரிதாக்கிய கைத்தொலைபேசி போன்றது. திரையை விரலால் தொட்டு இயக்குவது. பாடநூலைப் படித்தற்கும், ஆசிரியர் விளக்கத்தைக் கேட்டற்கும், படம் பார்த்தற்கும் அது மிக ஏற்றது. மடிக்கணினியோ விசைப்பலகை உடையது. கட்டுரை எழுதுதல், கணக்கு அட்டவணை ஆக்குதல், நிரல் எழுதுதல் ஆகியவற்றுக்கு உரியது. பண்டை மாணவனிடத்து ஏடும் இருந்தது, எழுத்தாணியும் இருந்தது. பலகைக் கணினி ஏட்டின் தொழிலை நன்கு செய்யும். எழுத்தாணியின் தொழிலில் அது தளர்ந்துவிடும். தனி விசைப்பலகை ஒன்றை அதனோடு இணைக்கலாமே எனின், இணைக்கலாம். ஆயினும், பல்கலைக்கழகத்தில் வேண்டப்படும் மென்பொருள்கள் பல அதில் இயங்கா.

இவ்விரு கருவிகளையும் அரசுகளே எடைபோட்டுப் பார்த்த ஆண்டு 2011. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. இருபது நாள் கழித்து, அக்டோபர் 5ஆம் நாள், டில்லியில் மத்திய அரசு ‘ஆகாஷ்’ என்னும் பலகைக் கணினியை வெளியிட்டது. ஆகாஷின் விலை ஏறக்குறைய 2250 இந்திய ரூபாவே. ஆனால், அதன் நினைவகம் 256 மெகாபைட். திரையோ அழுத்தித் தொட்டாலன்றி இசையாது. குறை கூறுவார் பெருகினர். மறு ஆண்டே திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட நேர்ந்தது. மலிவு ஒன்றே கருவியைப் பயனுடையதாக்காது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் நாட்டு நிலைமையைக் காண்போம். 2020 மார்ச்சில் கொரோனா நோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வந்தன. தந்தையின் கைத்தொலைபேசி ஒன்றே வகுப்பறையாய் அமைந்த வீடுகள் வன்னியிற் பல. தந்தை வயலுக்குப் போனால் வகுப்பும் வயலுக்குப் போயிற்று. அத்தகைய வீட்டுக்கு ஒரு பலகைக் கணினியும் பெருந்துணையே.

மின்சாரத்தையும் எண்ணுதல் வேண்டும். 2022 மார்ச் 31ஆம் நாள் நாடெங்கும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நேயர்கள் மறந்திரார். பலகைக் கணினி குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு சூரியப் படலும் அதற்கு உதவும். மடிக்கணினிக்கு மின்னேற்ற 45 அல்லது 65 வாற்றுக் கருவி வேண்டும். அவ்வாண்டே, மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கணினியின் விலையும் உடன் ஏறியது.

அவ்வாறாயின், மலிவானதும் மின்சாரம் குறைவாக வேண்டுவதுமான பலகைக் கணினியே போதுமோ? தரம் ஒன்பது வரை கற்கும் பிள்ளைக்குப் போதும் என்பேன். அதற்கு மேல் போதாது. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் மொழியில் நிரல் எழுதுதல் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உளது. வவுனியா வளாகமும் 2021 ஆகஸ்டு முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகம் நம் வாயிலுக்கே வந்துவிட்டது. அவ்வாயிலை நம் பிள்ளைகள் விசைப்பலகை தொட்டறியாத கைகளோடு கடத்தலாகாது. நகரப் பிள்ளை பத்து வயதிற் பழகியதை நம் பிள்ளை இருபதிற் பழகத் தொடங்கின், முதலாண்டு முழுவதும் அவ்விடைவெளியை நிரப்புவதிலேயே கழியும்.

புதிய மடிக்கணினிக்குப் பணம் போதாதெனின், அலுவலகங்களிற் பயன்பட்டுச் செப்பனிடப்பட்டதை வாங்குதல் தகும். நினைவகம் 8 ஜிபி இருத்தல் நன்று. தகவலைச் சேமிப்பது சுழலும் தட்டாக இராது எஸ்எஸ்டி வகையாக இருத்தல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. எனவே, விண்டோஸ் 11 ஏற்கும் கணினியா எனக் கேட்டறிக. இன்டெல் வகையாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அதனை ஏற்கும். ஏலாத கணினியில் இலவசமான லினக்ஸை நிறுவலாம். மின்கலம் எத்துணை நேரம் நிற்கிறது என்பதைக் கடையிலேயே இயக்கிப் பார்த்தல் நலம்.

சுருங்கக் கூறின், விலையைக் கேட்குமுன், “இதைக் கொண்டு என் பிள்ளை யாது செய்யப் போகிறது?” என்று கேளுங்கள். படிக்கவும் கேட்கவும் எனின், பலகைக் கணினி. எழுதவும் ஆக்கவும் எனின், மடிக்கணினி. வீட்டில் மூவர் கற்கின்றனர், ஒன்றே வாங்க இயலும் எனின், மூத்த பிள்ளையின் தேவைக்கேற்ற மடிக்கணினியை வாங்கி, நேரம் வகுத்துக் கொடுங்கள். இளையவர் அதிற் படிக்கலாம். மூத்தவர் பலகைக் கணினியில் நிரல் எழுதுதல் அரிது.