பிள்ளைக்குப் பெயரிடுமுன்...

ஆலய அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அமர்ந்திருக்கும் அடியேனிடம், குழந்தை பிறந்த மகிழ்ச்சியோடு வரும் இளம் தம்பதியர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், இதுவரை யாரும் வைக்காத பெயராக ஒன்று சொல்லுங்கள்" என்பார்கள். ஆண் குழந்தை என்றால் இந்த ஆவல் சற்றுக் கூடுதல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வருகைப் பதிவேடு வாசித்தவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சில செய்திகளை மெய்யன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் முன்னோருக்குப் புதுப்பெயர் தேடும் வேலையே இருந்ததில்லை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்' என்றார்கள். அதுவே பேரன் ஆயிற்று. பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் மட்டும் வேறு வழக்கம். அடுத்துப் பிறந்த பிள்ளைக்குக் குப்பன், பிச்சை என்று தாழ்வான பெயரை வேண்டுமென்றே இடுவார்கள். யாரும் விரும்பாத பிள்ளை என்று எண்ணி எமன் விட்டுப் போவான் என்பது நம்பிக்கை.

1980களின் பிற்பகுதியில் கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் மாணவன் ஒருவனின் பெயர் பிச்சை. புகுமுக வகுப்புக்குப் போகும் முன் என்னிடம் தனியாக வந்து, "சார், ஃபாரத்தில் வேறு பெயர் எழுதிவிடுங்கள்" என்று அழுதான். பிறப்புப் பத்திரத்தில் உள்ளதைத்தான் எழுத முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு அவன் தாயாரைச் சந்தித்தபோதுதான் விவரம் தெரிந்தது. இவனுக்கு முன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். ஏழு வீட்டில் அரிசி வாங்கிக் கஞ்சி வைத்து இந்தப் பெயரை இட்டிருக்கிறார். பையன் மனம் நோகும் என்று நினைத்து நான் அதை அவனிடம் சொல்லவில்லை. வளர்ந்ததும் சத்தியப் பிரமாணம் செய்து பெயரை மாற்றிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தன் மகனுக்குப் பெயர் சூட்ட நம் ஆலயத்திற்கே வந்தார். தாயார் அப்போது இல்லை. பேச்சுவாக்கில் அந்தக் கஞ்சியின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அம்மா இருக்கும்போது தெரிந்திருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. வாத்தியார் வேலையில் நான் செய்த தவறுகளில் இது இன்னும் உறுத்துகிறது.

இனி நட்சத்திரப் பெயருக்கு வருவோம். 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள், ஆக 108 எழுத்துகள். அசுவினிக்குச் சு, சே, சோ, ல. மகத்திற்கு ம, மி, மு, மே. இவற்றில் தொல்லை இல்லை. ஆனால் ஆயில்யத்திற்கு டி, டு, டே, டோ என்றும், திருவாதிரை மூன்றாம் பாதத்திற்கு 'ங' என்றும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. இந்த அட்டவணை வடமொழி எழுத்து வரிசையைக் கொண்டு அமைந்தது. அதனால் வந்த சிக்கல் இது. ஆயில்யத்துப் பிள்ளைகளின் பெற்றோர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து அகப்படாவிட்டால் குலதெய்வத்தின் பெயரையோ பாட்டனார் பெயரையோ வைப்பதில் ஒரு குறையும் இல்லை என்றே பெரியோர்கள் சொல்வார்கள்.

எண் கணிதம் பார்ப்போர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, இங்கே ஓர் 'எச்', அங்கே இரண்டு 'ஏ' என்று சேர்க்கச் சொல்கிறார்கள். அவரவர் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்து பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாளக் கார்டில் ஒரு மாதிரியும் விழுந்துவிட்டால், அலைவது பிள்ளைதான். முன்பு தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியதால் லட்சுமி 'லெச்சுமி' ஆனார். இப்போது நாமே அந்த வேலையைச் செய்கிறோம்!

புதுமைப் பெயர் நமக்குப் புதிதும் அன்று. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயா வந்து சென்றார். இளங்கோ, தமிழ்ச்செல்வன் போன்ற பெயர்கள் தமிழ்நாட்டில் போலவே நம் தோட்டத்து லயங்களிலும் பரவின. 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயரிட்டார். ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் அதே மாதம் 5ஆம் தேதி மறைந்தார். அரசியல் எப்படியோ, அந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு காரணம் இருந்தது. இன்று 'இஷ்' என்று முடியும் பல பெயர்களுக்குப் பொருள் கேட்டால் பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் வாழ்வோர் மலாய்க் காதுக்கு அப்பெயர் எப்படிக் கேட்கும் என்றும் பார்க்க வேண்டும். மதி என்பது மலாயில் இறப்பைக் குறிக்கும் சொல்லைப் போல் ஒலிக்கும். பாலா என்றால் பேரிடர். மணி என்பதற்கு இம்மலரில் எழுதத் தகாத ஒரு பொருள் உண்டு. நல்ல தமிழ்ப் பெயர்களை இதற்காகக் கைவிடச் சொல்லவில்லை. மதியழகன், பாலமுருகன், மணிமாறன் என்று முழுமையாக வைத்து முழுமையாகவே அழைக்கலாமே. பிரிக்பீல்ட்சில் மோனோரயில் நிலையத்திற்கும் சாலைக்கும் துன் சம்பந்தன் பெயர்தான். தேவாரம் பாடிய பிள்ளையாரின் திருப்பெயரை எல்லா இனத்தாரும் நாள்தோறும் சிரமமின்றிச் சொல்லிச் செல்கிறார்கள்.

பதிவு பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, தகாத பெயரைப் பதிய மறுக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் ஆகியவற்றைப் பெயராக வைக்க வேண்டாம் என்று 2006இல் தேசியப் பதிவு இலாகா அறிவுறுத்தியது. (நாகப்பன் அந்தக் கணக்கில் எங்கே நிற்பார் என்று அன்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.) முன்பு 14 நாட்களுக்குள் பதிய வேண்டியிருந்ததால், பெயர்சூட்டு விழாவுக்கு முன்பே அவசரமாக ஏதோ ஒன்றை எழுதிவிட்டு, வீட்டில் வேறொன்று கூப்பிட்டார்கள். இப்போது தீபகற்பத்தில் 60 நாள் அவகாசம் இருக்கிறது. முப்பதாம் நாள் விழாவில் சூட்டும் பெயரையே பதியலாம்.

இன்னொன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'அனாக் லெலாக்கி' என்பதற்குப் பின் தந்தை பெயர்தான். இன்று நீங்கள் மகனுக்கு இடும் பெயர் நாளை உங்கள் பேரப்பிள்ளைகளின் பத்திரத்திலும் நிற்கும். யோசித்து வைத்த பெயரை ஒரு தாளில் தந்தை பெயரோடு சேர்த்துத் தமிழிலும் மலாயிலும் எழுதிக்கொண்டு, விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வாருங்கள். பெரியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களுடைய பெயர் எப்படி வந்தது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.