செயற்கை நுண்ணறிவுத் தேடல் உதவி

செயற்கை நுண்ணறிவுத் தேடல் உதவி என்பது, பயனரின் கேள்விக்கு ஏற்ற இணையப் பக்கங்களைத் தேடி, அவற்றிலுள்ள செய்திகளைத் தொகுத்து விடையாக எழுதித் தரும் மென்பொருள் ஆகும். வழக்கமான தேடுபொறி இணைப்புகளை வரிசையாகக் காட்டும். இது விடையை எழுதி, அதனருகே மூலங்களின் இணைப்பைத் தரும். 2022இல் பெர்ப்ளெக்சிட்டியும், 2024இல் கூகுளின் ஏஐ ஓவர்வியூஸ், சாட்ஜிபிடி தேடல் ஆகியவையும் அறிமுகமாயின.

செயல்படும் முறை

மென்பொருள் முதலில் பொருத்தமான பக்கங்களைத் தேடி எடுக்கிறது. பின்னர் பெரிய மொழி மாதிரி ஒன்று அவற்றைக் கொண்டு விடையை எழுதுகிறது. மொழி மாதிரி, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்தே வாக்கியம் அமைக்கிறது. ஆகவே மூலத்தில் இல்லாத செய்தியும் சரளமான நடையில் விடைக்குள் வந்துவிடலாம்.

சான்று

ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கொன்றில், 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் அளித்த மனுவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அவை சாட்ஜிபிடி புனைந்தவை. அவை உண்மையானவையா என்று அந்த மென்பொருளிடமே கேட்டபோது, ஆம் என்றே அது விடையளித்தது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நம்பகமான கருவியை உதவிக்குப் பயன்படுத்துவது தவறன்று. மேற்கோள்களின் உண்மைக்கு வழக்கறிஞரே பொறுப்பு என்றும் நீதிபதி தெளிவுபடுத்தினார்.

இணைப்பு இருந்தால் போதுமா?

தேடல் உதவிகள் இணைப்பைத் தருவதால் சரிபார்ப்பது எளிதாகிறது. ஆனால் இணைப்பு உண்மையாக இருந்தும், விடை பிழையாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் பத்துப்பாட்டை 1889இலும் பதிப்பித்தார். அவர் முதலில் பதிப்பித்த சங்க நூல் எது என்று ஒரு மாணவர் கேட்பதாகக் கொள்வோம். ஆண்டில் முந்தியது என்பதால் சிந்தாமணி என்று விடை வரக்கூடும். சிந்தாமணி காப்பியம்; பத்துப்பாட்டே சங்க நூல். ஆண்டும் சரி, இணைப்பும் சரி, முடிவு மட்டும் தவறு. மூலத்தைத் திறந்து படிப்பவருக்கே இது புலப்படும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

1. இடம், காலம், நூற்பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேள்வியைக் கேட்க வேண்டும்.
2. இணைப்பைத் திறந்து, விடையிலுள்ள செய்தி அங்கே உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
3. ஆண்டு, எண், பெயர், மேற்கோள் ஆகியவற்றை வேறொரு மூலத்துடனும் ஒப்பிட வேண்டும். ஒன்றைப் பார்த்து எழுதிய இரு பக்கங்கள் இரு சான்றுகள் ஆகா.
4. விடை சரியா என்று அதே மென்பொருளிடம் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.
5. கட்டுரையின் உசாத்துணையில், தாம் படித்த மூலத்தையே குறிப்பிட வேண்டும்.

புதிய துறைக்குள் நுழையவும், கலைச்சொற்களை அறியவும், எந்த நூலைப் படிக்கலாம் என்று கண்டறியவும் இக்கருவி பெரிதும் உதவும். அந்த நூலைப் படிக்கும் வேலை மாணவருடையது.