சுட்ட அன்றே சுடுதண்ணீர்

என் அப்புச்சி தோட்டம் சிறுமுகைக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி. கடலைக்காட்டில் இறங்கும் பன்றிகளை விரட்ட, லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் மருந்துத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். குழலின் வாய்வழியே மருந்தை இட்டுக் கெட்டிக்கும் ரகம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கென்றே தனியாகக் குறிப்பிடும் துப்பாக்கி அது. அவர் குண்டு போடமாட்டார். சத்தம் போதும் என்பார்.

ராத்திரி சுட்டால் விடிந்ததும் அடுப்பில் தண்ணீர் காயும். "இரும்புல தண்ணி பட்டாத் துருப்புடிக்காதுங்களா அப்புச்சி?" என்று கேட்டேன். "இந்தக் கரிக்குத் தண்ணிதான் கண்ணு. எண்ணெயப் பூசி மூடுனா, உப்பு உள்ளயே கெடந்து இரும்பத் திங்கும்."

பெரியவனான பிறகுதான் காரணம் புரிந்தது. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி. எரிந்தாலும் முழுக்கப் புகையாகப் போய்விடாது. எடையில் பாதிக்குமேல் கசடாக மாறும்; அதில் ஒரு பகுதி குழலிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசடில் பெரும்பங்கு பொட்டாசியம் உப்புகள். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பவை அவைதான். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரைந்துவிடும்.

முதல் வேலை, உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்வது. மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலின் அடிவரை விட்டு, வாய்மட்டத்தில் விரலால் பிடித்து எடுத்து, வெளிப்பக்கம் வைத்து அளப்பார். நுனி, கேப்பு மாட்டும் மூக்குவரை எட்டினால்தான் காலி. பிறகு கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, மூக்கையும் திருகி எடுத்து, வாளியில் நிறுத்துவார். கம்பி நுனியில் துணி சுற்றிக் குத்த, கருந்தண்ணீர் கக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். தெளியும்வரை நாலைந்து வாளி. சூடாக ஊற்றினால் குழலும் சூடேறி, ஈரம் தானே காய்ந்துவிடும். உலர்ந்த துணி உள்ளே போய்க் காய்ந்தபடியே திரும்பினால்தான் எண்ணெய்.

ஒருமுறை என்னிடம் விட்டார். மூக்கைக் கழற்றாமலே கழுவி வைத்தேன். அடுத்த வாரம் அதன் ஊசித்துளை துருவேறி அடைத்திருந்தது. திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய கம்பியால் துளையை என்னையே குத்தச் சொன்னார்.

துப்பாக்கி துடைப்பது குடகில் வழிபாடாகவே நடக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில், நடவு முடிந்ததும், கைல்பொள்து என்ற திருநாளில் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பூவுக்கு அவர்கள் பேச்சில் தோக்பூ, துப்பாக்கிப் பூ என்று பெயர். நம் செங்காந்தள்தான்! மூலனூர்ப் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிராகும் கண்வலிக்கிழங்கு.

அப்புச்சி இல்லை. மாமா தன் பெயரில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். ஆயுதபூஜைக்கு முன்னால், சோமனூரில் என் தறிக்குடோனில் சேரும் கழிவுநூலை ஒரு பை கொண்டுபோய்க் கொடுப்பேன். குழல் துடைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை என்கிறார்.