மனஸ்தாபமும் மனந்திரும்புதலும்

தமிழ் வேதாகமத்தை நாடோறும் வாசிப்போர், நாவிற்குப் பழகிப்போன காரணத்தாலேயே பொருளை நின்று நோக்காது கடந்துசெல்லும் சொற்கள் சில உள. அவற்றுள் ஒன்று மனந்திரும்புதல் என்பது. ஆலயத்தில் பிரசங்கியார் இச்சொல்லை எடுத்தவுடனே கேட்போர் தலைகுனிந்து முகத்தைத் துயரமாக வைத்துக்கொள்வதை நேயர்கள் கண்டிருக்கலாம். யானும் அவ்வாறு வைத்துக்கொண்டவனே. கண்ணீர் பெருக்குதலே மனந்திரும்புதல் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இலக்கணம் பயிலப் புகுந்து, எச்சொல்லையும் பகுத்து நோக்கும் பழக்கம் ஏற்பட்ட பின்னரே, இச்சொல்லில் அழுகையைக் குறிக்கும் உறுப்பு ஒன்றுமில்லை என்பது புலனாயிற்று. மனம் என்பது ஒன்று. திரும்புதல் என்பது மற்றொன்று. அவ்வளவே.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் மெத்தனோயா என்பதாகும். கருத்து மாறுதல், மனமாற்றம் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகளோ ஷூப் என்னும் எபிரெய வினையைப் பெரிதும் வழங்கினர். அது மிக எளிய சொல். வெளியே போனவன் போன வழியே மீண்டு வருவதற்கும் அதுவே சொல். இறைவனை விட்டகன்ற இஸ்ரவேலர் அவரிடம் மீளுதற்கும் அதுவே சொல். ஆகவே கிரேக்கச் சொல்லில் மனம் உண்டு, கால் இல்லை. எபிரெயச் சொல்லில் கால் உண்டு, மனம் வெளிப்பட நிற்கவில்லை. நம் தமிழ்ச் சொல்லிலோ இரண்டும் ஒருங்கே அமைந்து கிடக்கின்றன. இலத்தீன் வேதத்தில் இவ்விடத்து நின்ற சொல் தண்டனையை ஏற்றுத் தவஞ்செய்தலையும் உணர்த்திற்று. அதனால் எழுந்த வழக்குகள் பல. 1517-ஆம் ஆண்டில் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் முதலாவது இச்சொல்லைப் பற்றியதே என்பதும், விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கன.

மத்தேயு சுவிசேஷத்தின் 27-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முடிவு சொல்லப்படுகிறது. அங்கே அவன் மனஸ்தாபப்பட்டான் என்று நம் பழைய மொழிபெயர்ப்புக் கூறுகின்றதேயன்றி, மனந்திரும்பினான் என்று கூறவில்லை. கிரேக்க மூலத்திலும் மெத்தனோயாவோடு தொடர்புடைய வினை அவ்விடத்தில் இல்லை. பின்னிரக்கத்தைக் குறிக்கும் வேறொரு சொல் உளது. அவ்வேறுபாட்டை உணர்ந்து தமிழிலும் இருவேறு சொற்களை அமைத்த மொழிபெயர்ப்பாளரின் நுண்ணுணர்வு வியக்கத்தக்கது. யூதாஸ் செய்தன யாவை என்று எண்ணிப் பாருங்கள். தான் பாவஞ்செய்ததை வாய்விட்டுக் கூறினான். பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். நம்மில் எத்தனை பேர் அவ்வளவேனும் செய்கிறோம்! ஆனால் அவன் போனது ஆசாரியரிடம். அதன்பின் போனது தூக்குக் கயிற்றினிடம். பேதுருவோ மும்முறை மறுதலித்தான், மனங்கசந்து அழுதான். அவன் திருப்பிக் கொடுத்த காசு ஒன்றுமில்லை. ஆயினும் உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார் என்று கேட்ட மாத்திரத்தில், படகு கரைசேரும் வரை பொறாது நீரில் குதித்தான் என்று யோவான் எழுதுகிறார். இருவர் கண்ணீரையும் தராசிலிட்டு நிறுத்தால் எது மிகும் என்று யாரறிவார்? இருவர் கால்களும் சென்ற திசை வேறு.

இதனைத் தமிழ்க் காப்பியம் ஒன்றோடு ஒப்பிட்டு நண்பர் ஒருவரிடம் சொல்லப்போய் வசை கேட்டேன். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தேராது தீர்ப்பளித்ததை உணர்ந்த அந்நொடியே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கிறான். அவன் வருத்தம் யூதாஸின் வருத்தம் போன்றதோ என்று கேட்டேன். நண்பர் சினந்தார், அது நீதியின் பொருட்டு ஓர் அரசன் கொடுத்த உயிர் என்றார். அவர் சொன்னதே சரி. எனினும் ஒன்று என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை: மன்னன் மாய்ந்தபின்னும் கோவலன் மீளவில்லை, மதுரையும் எரிந்தது. செய்த பிழையைச் செய்யாததாக ஆக்க ஒருவராலும் இயலாதெனின், திரும்புதல் என்பதற்குப் பொருள்தான் யாது? இவ்வினாவிற்கு விடை தேடுமுன், ஒருவன் விலகிப்போவது எவ்வாறென்று காண்போம்.

எம் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள பெருமுக்கல். ஊரை ஒட்டிய பாறைக் குன்றின்மேல் பழைய சிவன்கோயிலும் இடிந்த கோட்டைச் சுவர்களும் உள. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த அக்கோட்டையை 1760-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். பின்னர் ஐதர் அலியின் படையும் அதற்காகப் போரிட்டது. இன்று அங்கே ஏறுவோர் கோயிலுக்குச் செல்வோரும், கல்வெட்டுக் காண வருவோரும், ஆடு மேய்ப்போருமே. என் தாய்மாமன் ஆடு வைத்திருப்பவர். விடுமுறை நாட்களில் அவரோடு யானும் ஏறியிருக்கிறேன். மந்தையை விட்டு ஓடவேண்டும் என்று எந்த ஆடும் தீர்மானித்து ஓடுவதில்லை. பாறை இடுக்கில் ஒரு கொத்துப் பச்சை. அதற்கு ஒரு முழம் மேலே இன்னொன்று. குனிந்த தலை நிமிராமலே ஏறி, மேலும் ஏறவும் கீழே இறங்கவும் இயலாத விளிம்பில் நின்ற பின்னரே அது சுற்றிப் பார்க்கும். அப்போதுதான் கத்தத் தொடங்கும். கத்தும் ஆடு பிழைக்கும், அச்சத்தால் வாய்மூடி நிற்பதைத் தேடுவதுதான் கடினம் என்று மாமா சொல்வார். லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் முதல் உவமையை எனக்கு விளக்கிய வியாக்கியானம் இதுவே.

குன்றின்மேல் நின்று மேற்கே நோக்கினால் திண்டிவனத்துப் பக்கம் தெரியும். ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை. ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தில், 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவ மிஷனரிகள். சிறுமியாய் இருந்தபோது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் பசித்த குழந்தைகளைக் கண்ணாரக் கண்டவர். பின்னர் அமெரிக்காவில் கல்வி கற்றார். குடும்பத்தார் போன வழியில் தாம் போவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். இது கொலையோ களவோ அன்று. நினிவேக்குப் போ என்ற கட்டளை கேட்டுத் தர்ஷீசுக்குக் கப்பலேறிய யோனாவின் விலகல் போன்றது. நல்லவர்களுக்கே உரிய விலகல். 1890-இல் தாயார் நோயுற்ற காரணத்தால், அவருக்குத் துணையாயிருக்க மாத்திரமே திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவண்டை நின்றனர். முதலில் ஒரு பிராமணர். அடுத்து ஒரு முகம்மதியர். பின்னும் உயர்குலத்து இந்து ஒருவர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், தந்தையார் மருத்துவர், அவர் வருவாரென்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியரைப் பார்க்க மூவரும் இசையவில்லை, வந்தவழியே மீண்டனர். மறுநாட் காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. தாம் மருத்துவம் கற்று மீண்டு வரப்போவதாக ஐடா பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் அந்த இரவோடு நிறுத்திவிடுகின்றனர். எனக்கோ அதன் பின்னர் நிகழ்ந்தவையே பெரியனவாகத் தோன்றுகின்றன. அவர் மீண்டும் அமெரிக்காவுக்கே கப்பலேறினார். ஓடிப்போக எண்ணிய திசையும் அதுதான். ஆயினும் இம்முறை அது ஓட்டமன்று. பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வேலூரில் ஒரு சிற்றறையில் தொடங்கிய வைத்தியம், 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாயிற்று. 1909-இல் செவிலியர் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. அதன் வளர்ச்சியே இன்று உலகறிந்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960-இல் கொடைக்கானலில் இறக்கும் வரை அவர் திரும்பிய வழியிலேயே நடந்துகொண்டிருந்தார். திண்டிவனத்தில் இறந்த மூவரும் மீளவில்லை, மீளவும் மாட்டார்கள். ஆனால் கதவைத் தட்டினால் திறக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டாயினர். பாண்டியனைப் பற்றி யான் எழுப்பிய வினாவிற்கு இவ்வளவே என்னால் விடை கூற இயலும்.

இனி அவ்வதிகாரத்தின் மூன்றாம் உவமை. இளைய குமாரன் தூரதேசத்தில் பன்றி மேய்க்கையில் தன் தகப்பனிடம் சொல்லவேண்டிய மொழிகளை ஒழுங்குபடுத்திக்கொள்கிறான். பாவஞ்செய்தேன் என்பது ஒன்று. மகனென்னப்படத் தகுதியற்றேன் என்பது இரண்டு. கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்பது மூன்று. வீட்டருகே வந்து தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டபின் முதலிரண்டையும் சொல்கிறான். மூன்றாவது அவன் வாயினின்று வரவேயில்லை. அதற்குள் தகப்பன் ஊழியக்காரரை அழைத்து வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். பலமுறை வாசித்தும் இக்குறைவு என் கண்ணிற் படவில்லை. மூத்த குமாரனைப் பற்றியும் ஒரு சொல். அவன் வீட்டு வாசலைக் கடந்ததேயில்லை. ஆயினும் விருந்தன்று உள்ளே வர மறுத்து வெளியே நின்றான். தினந்தோறும் மணியடித்தவுடன் கல்லூரி ஆலயத்தில் வருகை கொடுக்கும் நம்மனோர்க்கு இளையவனைவிட இவன் நெருங்கிய உறவினன்.

இவற்றையெல்லாம் புத்தகத்தில் மாத்திரம் படித்து எழுதவில்லை. சென்ற ஆண்டு ஐப்பசியில் மணிலாக்கொட்டை விற்ற பணத்திலிருந்து, விடுதிக்கும் தேர்வுக்கும் கட்டவேண்டிய தொகையை என் தந்தையார் என்னிடம் கொடுத்தார். அதனைச் சிறிது சிறிதாகத் தோழரோடு செலவழித்தேன். ஒருநாளும் பெரிய தொகையாக எடுக்கவில்லை. குனிந்த தலை நிமிராது மேய்ந்த ஆடுதான். கைப்பணம் தீர்ந்த பின்னர் வீட்டாரைக் காண வெட்கம் வந்தது. சிறப்பு வகுப்பு என்று பொய் சொல்லிக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் ஊருக்குப் போகவில்லை. விடுதியில் தனியே இருந்த அவ்விரவுகளில் மிகுதியாக அழுதேன். அவ்வழுகை ஒருவகையில் இனிமையாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒரு வரி எழுதினேனில்லை.

தை மாதத்தில் ஒருநாள் புறப்பட்டேன். ஊரில் இறங்கியும் வீட்டுக்குப் போகாமல் குன்றின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாயும் வேளையில் ஆடுகளை ஓட்டிவந்த மாமா என்னைக் கண்டு, “என்ன மாப்பிள்ளை, வழி தவறிவிட்டதா?” என்று கேட்டு, என் விடைக்கு நில்லாமல் பட்டியை நோக்கி நடந்தார். யானும் ஆடுகளின் பின்னே இறங்கினேன். தந்தையாரிடம் சொல்ல நான்கு மொழிகளை அமைத்து வைத்திருந்தேன். பணத்தைச் செலவழித்துவிட்டேன் என்ற முதலாவதை முடிக்குமுன், “கட்டணம் கட்டக் கடைசி நாள் எது?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. மாமாவின் பட்டியில் எங்களுக்கு உரிய ஆடுகளில் இரண்டு அவ்வாரம் சந்தைக்குப் போயின.

என் தமையனார் மாத்திரம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்கொல்லையில் ஏர் ஓட்டியவர் அவர். அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. புறப்படும் நாளில் என் பெட்டியை மிதிவண்டியில் வைத்துக்கட்டிச் சாலை வரை தாமே தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் மௌனம். பேருந்து வந்து நின்று, யான் ஏறி, அது நகரத் தொடங்கியபோது பலகணி அருகே வந்து, “தேர்வு முடிந்ததும் கொட்டை பிடுங்க வந்துவிடு, ஆள் போதாது” என்றார்.