இதழாசிரியரின் உரிமையும் சுயேச்சை இயக்குநர்களின் இசைவும்: லண்டன் ‘டைம்ஸ்’ நிறுவனத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஊடக நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெறும் சுயேச்சை இயக்குநர்களால் இதழாசிரியரின் உரிமையைக் காக்க இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய நிறுவனச் சட்டம் இவ்வியக்குநர்களுக்கு வழங்கும் பணிகளை எடுத்துரைத்து, 1981இல் லண்டன் ‘டைம்ஸ்’ நிறுவனத்தில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டுடன் அவற்றை ஒப்பிடுகிறது. ஆசிரியர் முறையிட்ட பின் தலையிடும் அதிகாரத்தைக் காட்டிலும், உரிமையாளர் முன்கூட்டியே பெறவேண்டிய இசைவே பயனுடைய காப்பாக அமைகிறது என்பது இதன் முடிவாகும்.

முதன்மைச் சொற்கள்: சுயேச்சை இயக்குநர், இயக்குநர் குழு, இதழாசிரியர் உரிமை, ஊடக உடைமை, நிறுவனங்கள் சட்டம்

முன்னுரை

நிறுவனத்தின் நிறுவனர்களோடு உறவோ, அந்நிறுவனத்தோடு குறிப்பிடத்தக்க பணத் தொடர்போ இன்றி, இயக்குநர் குழுவில் இடம்பெறுபவர் சுயேச்சை இயக்குநர் எனப்படுகிறார். பெரும்பங்கு வைத்திருப்போரின் விருப்பம் மட்டுமே நிறுவனத்தின் முடிவாகிவிடக் கூடாது என்பதே இப்பதவியின் நோக்கமாகும். சிமெண்ட் ஆலைக்கும் வங்கிக்கும் இந்நோக்கம் போதுமானது. ஆனால் செய்தித்தாள் நிறுவனத்தில் பங்குதாரரைத் தவிர வாசகர் என்றொரு தரப்பும் உண்டு. அவர் இயக்குநர் குழுவில் வாக்களிப்பதில்லை. எனினும் அந்நிறுவனத்தின் நம்பகத்தன்மை அவரையே சார்ந்துள்ளது. அவர் சார்பில் பேசவேண்டியவர் யார் என்பதே இங்கு எழும் சிக்கலாகும்.

இந்தியச் சட்டம் வகுக்கும் பணிகள்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 149ஆம் பிரிவின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சை இயக்குநர்களாக இருத்தல் வேண்டும். ஒருவர் ஐந்தாண்டு கொண்ட இரு தொடர் பதவிக்காலங்களுக்கு மேல் நீடிக்க இயலாது. சட்டத்தின் நான்காம் அட்டவணை இவர்களுக்கான நடத்தை நெறியை வகுக்கிறது. நிறுவனத்தோடு தொடர்புடைய அனைத்துத் தரப்பினரின் நலனையும், குறிப்பாகச் சிறுபான்மைப் பங்குதாரரின் நலனையும் காப்பது அவர்தம் கடமை என அது கூறுகிறது. தணிக்கைக் குழுவில் பெரும்பான்மையாக அமர்ந்து, நிறுவனர்களின் பிற நிறுவனங்களோடு நடைபெறும் கொடுக்கல் வாங்கலை ஆராய்வதும் இவர்தம் பொறுப்பாகும்.

‘அனைத்துத் தரப்பினர்’ என்னும் தொடருள் வாசகரையும் அடக்கலாம். ஆயினும் அந்நலனைச் செயற்படுத்துவதற்கான கருவி எதையும் சட்டம் அளிக்கவில்லை. ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ சுயேச்சை இயக்குநரின் தனி ஒப்புதல் தேவையில்லை. செய்திப் பிரிவில் உரிமையாளர் தலையிட்டால் அதனை விசாரிக்கும் முறையும் வகுக்கப்படவில்லை. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஆசிரியருக்கு ஆறு மாத முன்னறிவிப்பு அளிக்கவேண்டும் என்றது. அது அவருடைய வாழ்வாதாரத்துக்கான காப்பு. அவருடைய கருத்துரிமைக்கான காப்பன்று.

2022இல் என்டிடிவி நிறுவனம் கைமாறிய நிகழ்வு இவ்வரம்பை விளக்கும். அவ்வாண்டு ஆகஸ்டில், அந்நிறுவனத்தின் 29.18 விழுக்காட்டுப் பங்குகளை வைத்திருந்த ஆர்ஆர்பிஆர் நிறுவனத்தைக் கைப்பற்றும் நடவடிக்கையை அதானி குழுமம் அறிவித்தது. அதனைத் தொடர்ந்து மேலும் 26 விழுக்காட்டுப் பங்குகளைப் பொதுப் பங்குதாரரிடமிருந்து வாங்குவதற்கான அறிவிப்பும் வெளியாயிற்று. இத்தகைய சூழலில், சுயேச்சை இயக்குநர்களைக் கொண்ட குழு ஒன்று அமைந்து, அவ்வறிவிப்புக் குறித்துக் காரணங்களுடன் பரிந்துரை வழங்கவேண்டும் என்பது செபியின் 2011ஆம் ஆண்டு விதியாகும். அப்பரிந்துரை பங்குதாரருக்கு உரியது. பங்கை விற்பதா வேண்டாவா என முடிவு செய்ய அவருக்கு உதவுவது. உரிமை மாறியபின் செய்தி எவ்வாறு அமையும் என்பது அவ்விதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

1981: டைம்ஸ் ஏற்பாடு

இவ்வெல்லையைத் தாண்டிய முயற்சி ஒன்று பிரிட்டனில் நிகழ்ந்தது. தொழிற்சங்கப் பூசலால் ‘தி டைம்ஸ்’, ‘சண்டே டைம்ஸ்’ ஆகிய இதழ்கள் 1978 டிசம்பர் முதல் 1979 நவம்பர் வரை வெளிவரவில்லை. பின்னர்த் தாம்சன் குழுமம் அவற்றை விற்க முன்வந்தது. ரூபர்ட் மர்டாக் வாங்க முற்பட்டார். அவரிடம் ஏற்கெனவே ‘சன்’, ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ ஆகிய இதழ்கள் இருந்தன. எனினும், வணிகத்துறை அமைச்சர் ஜான் பிஃபன் இவ்விற்பனையை ஏகபோக ஆணையத்தின் விசாரணைக்கு அனுப்பாமல், 1981 ஜனவரியில் நிபந்தனைகளோடு இசைவளித்தார்.

அந்நிபந்தனைகளின் மையமாக அமைந்தவர்கள் தேசியச் சுயேச்சை இயக்குநர்கள் ஆவர். அவர்கள் எண்ணிக்கை ஆறாக உயர்த்தப்பட்டது. அவர்களுள் பெரும்பான்மையினரின் ஒப்புதலின்றி ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ கூடாது. ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே பூசல் எழுந்தால் அவர்களே தீர்க்கவேண்டும். நிபந்தனைகளை மீறுவது சட்டப்படி குற்றமாகவும் ஆக்கப்பட்டது. ஏட்டளவில் இதனினும் வலிய காப்பைக் காண்பது அரிது.

ஏற்பாட்டின் தளர்ச்சி

ஓராண்டைச் சற்றே கடந்த காலத்தில் இக்காப்பு சோதனைக்கு உள்ளாயிற்று. 1981இல் டைம்ஸ் ஆசிரியராகப் பொறுப்பேற்ற ஹரால்டு எவன்ஸ், உரிமையாளருடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 1982 மார்ச்சில் பதவி விலகினார். ‘நீக்கம்’ என்றால் இயக்குநர்களின் ஒப்புதல் தேவை. ‘விலகல்’ என்றால் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் தொடர்ந்து பணியாற்ற இயலாத சூழல் உருவானபின், அவரே கடிதம் எழுதிக் கொடுத்து வெளியேறும்போது, சுயேச்சை இயக்குநர்கள் வாக்களிக்கும் தருணமே வருவதில்லை.

இதே நிலை அமெரிக்காவிலும் நேர்ந்தது. 2007இல் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன், ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழை வெளியிடும் டௌ ஜோன்ஸ் நிறுவனத்தை வாங்கியபோது, ஐவர் கொண்ட தனிக்குழு அமைக்கப்பட்டது. நிர்வாக ஆசிரியரின் நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் அக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2008 ஏப்ரலில் நிர்வாக ஆசிரியர் மார்கஸ் பிராச்லி பதவி விலகினார். அம்முடிவு உறுதியான பின்னரே குழுவினர் அதனை அறிந்தனர். முறையிட வேண்டியவர் முறையிடாமல் விலகியபோது, விசாரிக்கும் அதிகாரம் பயனற்றுப் போயிற்று.

இசைவு அதிகாரத்தின் பயன்

இதற்கு மாறான நிகழ்வு 2013இல் டைம்ஸ் நிறுவனத்திலேயே காணப்படுகிறது. ஆசிரியர் ஜேம்ஸ் ஹார்டிங் விலகியபின், சண்டே டைம்ஸ் ஆசிரியர் ஜான் விதரோவை டைம்ஸுக்கும், மார்ட்டின் ஐவன்ஸைச் சண்டே டைம்ஸுக்கும் ஆசிரியராக்க நிறுவனம் விழைந்தது. இரு இதழ்களும் ஒன்றாக இணைக்கப்படக்கூடும் என்னும் ஐயத்தால் சுயேச்சை இயக்குநர்கள் உடனே இசைவளிக்கவில்லை. எனவே இருவரும் ‘பொறுப்பு ஆசிரியர்’ என்னும் நிலையிலேயே பணியாற்ற நேர்ந்தது; செப்டம்பரில்தான் முழு ஒப்புதல் கிடைத்தது.

1982க்கும் 2013க்கும் விதி ஒன்றே, விளைவு வேறு. முன்னதில் நலிந்த நிலையில் இருந்த ஆசிரியர் இயக்குநர்களை நாடவேண்டியிருந்தது. பின்னதில் உரிமையாளர் அவர்களை நாடவேண்டியிருந்தது. ஒப்புதலைத் தேடி வரவேண்டியவர் யார் என்பதே அதிகாரத்தின் வலிமையைத் தீர்மானித்தது எனலாம். இவ்வதிகாரமும் நிலைபேறுடையதன்று. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு இந்நிபந்தனைகளிலிருந்து நிறுவனத்தை விடுவித்தது. அரசு அளித்த காப்பை அரசே திரும்பப் பெற இயலும் என்பதையும் இது காட்டுகிறது.

முடிவுரை

இந்தியச் சட்டத்தில் சுயேச்சை இயக்குநர் பங்குதாரரின் பணத்துக்குக் காவலர். செய்திக்குக் காவலர் அல்லர். அவருடைய எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் இந்நிலை மாறாது. ஊடக நிறுவனங்கள் தம் அமைப்பு விதிகளில் மூன்று கூறுகளைச் சேர்ப்பது பயன்தரும். முதலாவது, ஆசிரியர் நியமனத்துக்குச் சுயேச்சை இயக்குநர்களின் முன்னிசைவு. இரண்டாவது, ஆசிரியரின் பதவி விலகலையும் நீக்கத்துக்கு நிகராகக் கொண்டு, அது நடைமுறைக்கு வருமுன் அவர்கள் அவரைத் தனியே கேட்டறிதல். மூன்றாவது, அவ்வியக்குநர்களின் தேர்வில் பெரும்பங்காளரின் வாக்கு மட்டுமே முடிவாகிவிடாமை.

இவை உரிமையாளரின் அதிகாரத்தை அகற்றுவன அல்ல. அதனைப் பயன்படுத்துமுன் பிறரிடம் காரணம் கூறவேண்டிய கடப்பாட்டை ஏற்படுத்துவன. காரணம் கூறவேண்டிய இடத்தில் விதி அமைந்தபோது சுயேச்சை இயக்குநரின் பதவி பொருளுடையதாயிற்று. அவ்வாறு அமையாதபோது வெறும் பெயராக நின்றது.