மூடிய டெண்டரும் திறந்த பேரேடும்



மரவள்ளி விளையும் சேலம், நாமக்கல் சமவெளியில் இரகசிய டெண்டர் என்பதைக் கேள்விப்படாதார் சிலரே. 1981-ஆம் ஆண்டில் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கம், உறுப்பினரின் ஜவ்வரிசியை இம்முறையில் விற்றுப் பழகியது. வியாபாரிகள் தத்தம் விலையைப் பிறர் அறியாவண்ணம் குறிப்பர். குறித்த வேளையில் விலைகள் வெளிப்படும். உயர்ந்த விலை முந்தும். இதன் உயிர்நாடி யாது? உரிய நேரத்துக்கு முன் பிறர் விலையைப் பார்க்கலாகாது. பார்த்தபின் தம் விலையை மாற்றலாகாது. இவ்விரண்டையும் காக்கும் பொறுப்பு, டெண்டர் நடத்துவோருடையது.

நடுவே ஒருவரை வைக்காமல் இத்தகைய ஏலத்தை நடத்த இயலுமா? இயலும் என்பதே பிளாக்செயின் அறிஞர் கூற்று. பிளாக்செயின் என்பது, உலகெங்கும் பல கணிப்பொறிகளில் ஒரே படியாக வைக்கப்பெறும் பேரேடு. தனியொருவர் அதில் எதையும் அழிக்க முடியாது. 2015 ஜூலையில் இயங்கத் தொடங்கிய எதீரியம் என்னும் வலையமைப்பில், கணக்கோடு நிரலும் அப்பேரேட்டில் பதியப்படுகிறது. அந்நிரலை எழுதும் மொழிகளுள் ஒன்று சாலிடிட்டி. அம்மொழியின் ஆவண நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்நூல் விளக்கும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, நம் ஊர் அறிந்த மூடிய ஏலமே.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. பேரேட்டை யாவரும் படிக்கலாமே, விலையை எங்ஙனம் மறைப்பது? நூல் கூறும் வழி இதுதான். வியாபாரி தம் விலையோடு ஓர் இரகசியச் சொல்லைச் சேர்த்து, ஒரு கணித முறையால் முத்திரை எண்ணாக மாற்றி, அதை மட்டும் பதிவு செய்வார். முத்திரையிலிருந்து விலையைத் திரும்பப் பெற இயலாது. ஏலக் காலம் முடிந்தபின் விலையையும் சொல்லையும் அவர் வெளியிடுவார். நிரல் மீண்டும் முத்திரை கணித்து ஒப்பிடும். ஒரு ரூபாய் மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

இரகசியச் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். விலையை மட்டும் முத்திரையிட்டால், போட்டியாளர் ஆயிரம் முதல் பதினாயிரம் வரை ஒவ்வொரு விலைக்கும் முத்திரை கணித்துப் பார்த்து உண்மை விலையைக் கண்டுபிடித்துவிடுவார். முன்பணமோ யாவர் கண்ணிலும் படும். ஆதலின் விலைக்கு மேற்பட்ட தொகை கட்டவும், பிறரை ஏய்க்கப் பொய்விலை பதியவும்கூட அவ்வெடுத்துக்காட்டு இடம் தருகிறது.

இனி, தோற்றவருக்குப் பணம் திருப்புதல். அவரவர் தாமே வந்து பெறுவது நலம் என்கிறது நூல். கொடுக்கும்போதும் ஒரு வரிசை உண்டு: முதலில் அவர் கணக்கில் நிலுவையைச் சுழியாக்கு, பின்னரே பணத்தை அனுப்பு. வரிசை மாறினால் என்ன கேடு? பெறுபவரும் ஒரு நிரலாக இருக்கலாம். பணம் கைக்கு வந்த நொடியில், கணக்கு எழுதப்படுமுன், அது மறுபடியும் கேட்கும். பழைய நிலுவையைக் கண்டு நம் நிரல் மறுபடியும் கொடுக்கும். 2016 ஜூனில் 'தி டாவோ' என்னும் கூட்டு முதலீட்டு நிரலிலிருந்து சுமார் 36 இலட்சம் ஈதர் நாணயம் வெளியேறியது இத்தகைய பிழையால்தான். அடுத்த மாதம் வலையமைப்பினரில் பெரும்பாலோர் பேரேட்டையே திருத்த உடன்பட்டனர். உடன்படாதோர் பழைய பேரேட்டைத் தொடர, எதீரியம் இரண்டாகப் பிளந்தது.

நிற்க. இத்துறையின் கற்பிக்கும் நூல்களை இருவகைப்படுத்தலாம். ஒன்று, கைபிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சிப் பாடம். மற்றது, விதிகளை முறையாகக் கூறும் ஆவண நூல். முன்னது அரிச்சுவடி போன்றது. பின்னது இலக்கணம் போன்றது. அரிச்சுவடியோடு நின்றவர் எழுத்துக் கூட்டலாம். பத்திரம் எழுதப் புகலாமோ? பாடத்திலுள்ள நிரலைப் பெயர்த்தெழுதி அது ஓடக் கண்டதும் மகிழ்கிறோம். அந்த வரிசை ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் விளக்கக் குறிப்பையோ படியாமல் விட்டுவிடுகிறோம். முன்னேற்பாடு செய்திராவிடின், பேரேட்டில் பதிந்த நிரலைப் பின்னர்த் திருத்த முடியாது. பிழையால் இழப்பது பிறர் பணம். ஒரு குடியானவரின் ஓராண்டு மஞ்சள் பணமாகவும் அது இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2020-ஆம் ஆண்டிலேயே பிளாக்செயினுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. எனவே இக்கல்வி உங்களுக்கு அயலானதன்று. இதைக் கற்க விரும்புவோர், மதிப்பற்ற நாணயம் வழங்கும் சோதனை வலையமைப்பில் முதலில் பழகுங்கள். எழுதிய நிரலைப் பிறரிடம் கொடுத்து, "இதை உடைத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடம் எதுவோ, அதுவே நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய பக்கம்.