குளத்தைச் சுற்றி நாலடி

உத்தண்டியில் என் சித்தி மகன் வீட்டுப் பின்புறம் சின்னதாக ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. 24 அடி நீளம், 12 அடி அகலம். வாரத்தில் இரண்டு நாள் ஆள் வந்து வலை போட்டுச் சருகு எடுக்கிறார், குளோரின் பார்க்கிறார், பி.எச். பார்த்து நோட்டில் குறித்துவிட்டுப் போகிறார். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் கிடக்கிறது. ஆனால் போன மார்கழியில் சித்தி தண்ணீரில் இறங்கக்கூட இல்லை. கொடியில் கிடந்த துண்டை எடுக்கக் கரையோரமாக நடந்தவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகு பார்க்கப் போயிருந்தேன். வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான் என்பதால், "அண்ணே, மொத்தக் கல்லையும் பேத்துட்டு வேற போட்டுடவா? நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றான் தம்பி. "டீ எடுத்துக்குங்க மாமா" என்று அவன் மனைவி தம்ளரை நீட்டினாள். தம்ளரோடு மூவரும் வெளியே போனோம்.

கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சித்தி விழுந்த மூலையில் அதை மெதுவாக ஊற்றினான். குளத்தைச் சுற்றியுள்ள நடைதளம், டெக் என்கிறோமே அது, பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் சமமாக இருக்கக் கூடாது. குளத்தின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். நாலடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது கால் அந்தச் சரிவை உணராது, தண்ணீர் உணர்ந்துகொள்ளும். சரிவு குளத்தை நோக்கி இருந்தால் மண்ணும் சருகும் செடிக்குப் போட்ட உரமும் மழையோடு குளத்துக்குள் போகும். எங்குமே சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே உட்கார்ந்துவிடும். நாங்கள் டீயைக் குடித்து முடித்தும் அந்த வாளித் தண்ணீரில் ஒரு தாம்பாளம் அளவுக்கு மூலையில் நின்றது. சாக்பீஸ் வாங்கி அதைச் சுற்றி வட்டம் போட்டேன். நடைதளம் முழுக்க இதே மாதிரி ஊற்றிப் பார்த்ததில் மொத்தம் மூன்று வட்டங்கள் விழுந்தன.

சித்தி விழுந்த இடத்துக்கு மதில்சுவர் நிழல் நாளெல்லாம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு அங்கே வெயிலும் இல்லை, வடிகாலும் இல்லை. குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பச்சையாக எதுவும் தெரியவில்லை, விரல் நுனியில் மட்டும் கொழகொழவென்று ஒரு மெல்லிய படலம். பாசி பச்சையாகத் தெரிய ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே வழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். நிழல் விழும் பக்கத்தையாவது வாரம் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

பாசியைப் போக்குவது கடினமில்லை. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, குளத்துப் பக்கம் போகாமல் கழுவித் தள்ளினால் போதும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்க வரும் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் சோப்புத்தூளும் வேண்டியிருக்கும். சோப்பை நன்றாக அலசிவிட வேண்டும், அதன் மிச்சமே வழுக்கும்.

"ஆசிட் ஊத்தினா சட்டுனு போயிடும்னு சொல்றாங்களே மாமா?" என்று தம்பி மனைவி கேட்டாள். இந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தாத குறையாகச் சொன்னேன். பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயை எரிக்கிற விஷவாயு அது. கழிவறை கழுவப் போய் இப்படி மூச்சுத் திணறியவர்கள் உண்டு. குளத்து மருந்துகளை அடுக்கிவைக்கும் அறையிலும் குளோரினும் ஆசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவே கூடாது. இன்னொன்று, இவன் போட்டிருப்பது கடப்பா கல். அடுப்படி மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் கடப்பா கல்லில் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கடப்பா, கோட்டா எல்லாமே சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு பட்டாலே அரிக்கும். எலுமிச்சைக்கே அப்படி என்றால் ஆசிட்டுக்குக் கேட்கவே வேண்டாம். அரித்த கல்லில் நுண்ணிய குழிகள் விழும், அவற்றில் பாசி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

கல்லுக்கு வருகிறேன். மெருகேற்றிய கடப்பா கல் நனைந்த வெறுங்காலுக்கு உகந்ததல்ல. போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் பளபளப்பைக் காட்டித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறார். குளத்தோரத்துக்கு நான் சொல்வது ஃபிளேம் ஃபினிஷ் கிரானைட். கல்லின் முகத்தில் தீயைக் காட்டுவார்கள். சூட்டில் குவார்ட்ஸ் மணிகள் உப்பிச் சில்லுச் சில்லாகத் தெறிக்க, சொரசொரப்பான முகம் கிடைக்கும். கறுப்புக் கிரானைட்டில் குவார்ட்ஸ் குறைவு என்பதால் இந்த வேலை அதில் அவ்வளவாக எடுபடாது. சித்திரை வெயிலில் கறுப்பு கொதிக்கவும் செய்யும். கால் சுட்டால் பிள்ளைகள் ஓடுவார்கள், ஈரத்தில் ஓடினால் விழுவார்கள். வெளிர் சாம்பல் நிறமே நல்லது.

டைல்ஸ் போட நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். கடையில் ஆர்10, ஆர்11 என்று காட்டுவார்கள். அது எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு நடந்து பார்த்துத் தருகிற தரம், பட்டறைகளுக்கு உரியது. வெறுங்காலுக்கு ஜெர்மானியர்கள் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். சோப்புநீர் ஓடும் தளத்தில் வெறுங்காலோடு நடப்பவரை வைத்துச் சாய்வைக் கூட்டிக்கொண்டே போய், ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். 24 டிகிரி சாய்வு வரை தாங்கினால் சி. குளத்தைச் சுற்றி பி-யாவது வேண்டும், நீருக்குள் இறங்கும் படிகளுக்கு சி. வாங்கும்போது இந்த எழுத்தைக் கேளுங்கள்.

ஆனாலும் தம்பியிடம் எல்லாக் கல்லையும் பேர்க்க வேண்டாம் என்றேன். இருக்கிற கல்லின் மெருகை எந்திரம் வைத்துக் கொத்திச் சொரசொரப்பாக்கலாம். சாக்பீஸ் வட்டம் விழுந்த மூன்று இடங்களில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு அடித்தளத்தைச் சரிவாக்கிப் பதித்தால் போதும். வெளி ஓரத்தில் ஒரு வடிகால் வாய்க்கால், அதற்கு எடுத்துக் கழுவக்கூடிய கம்பித் தட்டு. சரிவு இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கல்லைப் போட்டாலும் அடுத்த மழைக்குப் பாசி வரத்தான் செய்யும்.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து விளிம்புக் கற்களைத் தட்டிக்கொண்டே வந்தேன். "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்டது, ஓர் இடத்தில் மட்டும் "டொப்" என்றது. அடியில் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். குளத்தொட்டி கான்கிரீட், அது அசையாது. நடைதளமோ நிரப்பிய மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டும் சேரும் இடைவெளியில் பாலியூரித்தேன் மாதிரி இழுபடும் சீலண்ட் வைக்க வேண்டும். இங்கே சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். சிமெண்ட் விரிசல் விட்டு, அதன் வழியே நீர் இறங்கி, கடற்கரை மணலை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. முதலில் கல் ஆடும், பிறகு ஒரு முனை கால் அங்குலம் தூக்கும், அதில் கால்விரல் தடுக்கும்.

கைப்பிடிக் கம்பிகளில் பழுப்பாகப் படர்ந்திருந்ததைத் துரு என்றாள் தம்பி மனைவி. எஃகுத் தொழிலில் அதைத் தேநீர்க் கறை என்றே சொல்வார்கள். கடல் உப்பும் குளோரினும் சேர்ந்து 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் அதை வரவழைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளுக்கு 316 ரகம் வாங்க வேண்டும், அதையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். மின்சாரத்தில் சமரசமே கூடாது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும், அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். நீருக்குள் எரிகிற விளக்கு 12 வோல்ட். பிறந்தநாளுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சீரியல் செட் மாட்டுவதைக் குளத்தைச் சுற்றியுள்ள இந்த நாலடிக்குள் செய்யவே வேண்டாம்.

இத்தனையும் பேசிக்கொண்டிருக்கும்போது தம்பியின் மூன்று வயது மகள் கதவைத் தள்ளிக்கொண்டு தனியாக வெளியே வந்தாள். நீரில் ஒரு பந்து மிதந்துகொண்டிருந்தது. அவள் கண் அதன் மேல்தான். அம்மா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. குழந்தை நீரில் விழுந்தால் கத்தும், கையைக் காலை அடிக்கும், நமக்குக் கேட்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது.

வேலி போட வேண்டும், வேறு வழியில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-லேயே வீட்டுக் குளங்களுக்குச் சட்டம் இயற்றிவிட்டார்கள். அங்கே வழக்கத்தில் உள்ள அளவுகளை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: வேலி 1.2 மீட்டர் உயரம், அடியில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, ஏறக் கால் வைக்கிற மாதிரி குறுக்குச் சட்டம் வெளிப்பக்கம் கூடாது. வாயிற்கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, விட்டவுடன் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். வேலியோரம் நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் அதுவே ஏணியாகிவிடும். குளித்து முடித்ததும் பந்து, வாத்து, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைபேசியைத் தொடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தம்பி வலையை எடுத்துப் பந்தை இழுத்தான். வேலிக்காரரை நாளைக்கே வரச் சொல், கல் வேலை அப்புறம் ஆகட்டும் என்றேன். சனிக்கிழமை கொத்தனாரோடு நான் வருகிறேன், அதுவரை பின்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டு வை, சாக்பீஸ் வட்டங்களை மட்டும் யாரும் கழுவிவிட வேண்டாம் என்று சித்தியிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.